சிப் போட்ட பெட்டி: வீடியோ கேம் பூட்டுகளின் வரலாறு

"சிப் போட்டதா, போடாததா?"

2000களில் சென்னை ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ பிளேஸ்டேஷன் விலை கேட்டவர்களிடம் கடைக்காரர்கள் முதலில் திருப்பிக் கேட்ட கேள்வி இதுதான். சிப் போட்ட பெட்டியில் நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் காப்பி சிடியும் ஓடும். போடாத பெட்டியில் அசல் சிடி மட்டுமே ஓடும். காஞ்சிபுரத்தைத் தாண்டி திருப்புட்குழி மாதிரி ஒரு ஊரிலிருந்து பஸ் ஏறி எண்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வருகிறவருக்கு இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருக்க முடியும். அசல் சிடி விற்கும் கடை அவர் ஊரில் கிடையாது. இருந்தாலும் அந்த விலை கட்டுப்படியாகாது.

அந்த 'சிப்' என்பது என்ன? அது எதைத் திறந்தது? அதைப் போட்டது குற்றமா? கேட்பதற்குச் சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் விரல் நகத்தளவு இருந்த அந்தச் சிப், "காசு கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருடையதா, விற்றவருடையதா?" என்ற பெரிய கேள்வியை ஆஸ்திரேலிய உச்சநீதிமன்றம் வரை கொண்டுபோனது. 2012இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்திலும் ஒரு புதிய பிரிவு இதே கேள்வியோடு வந்து சேர்ந்தது. அந்தக் கதையை முதலிலிருந்து பார்ப்போம்.

முதல் பூட்டு

வீட்டு வீடியோ கேம் பெட்டிகளில் ஆரம்பத்தில் பூட்டே கிடையாது. 1970களின் கடைசியில் அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த அட்டாரி பெட்டிக்கு யார் வேண்டுமானாலும் கேம் தயாரித்து விற்கலாம். விளைவு, சந்தையில் குப்பை கேம்கள் குவிந்தன. 1983இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை அப்படியே சரிந்து விழுந்தது.

அதே 1983இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்ற பெட்டியை வெளியிட்டது. 1985இல் அதையே அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது நிண்டெண்டோ ஒரு பாடம் கற்றிருந்தது. அமெரிக்காவில் விற்ற பெட்டிக்குள் ஒரு சிறிய சிப், ஒவ்வொரு கேம் கேசட்டுக்குள்ளும் அதன் ஜோடி சிப். இரண்டும் ஒரே தாளத்தில் இரகசிய எண்களைப் பேசிக்கொள்ள வேண்டும். தாளம் தப்பினால் பெட்டி நொடிக்கு ஒருமுறை தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும், திரை விட்டு விட்டு மின்னும். இந்தப் பூட்டுக்கு 10நெஸ் என்று பெயர்.

பூட்டு வந்தால் சாவி செய்கிறவனும் வருவான் அல்லவா? அட்டாரி கேம்ஸ் நிறுவனம் அந்தப் பூட்டின் நிரலை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்தே பெற்றது. வழக்கு ஒன்றுக்குத் தேவை என்று உண்மைக்குப் புறம்பான காரணம் சொல்லி வாங்கி, அதை வைத்துத் தன் சொந்தச் சாவி சிப்பைச் செய்தது! 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ரிப்பேர் செய்கிறவர்கள் கண்டுபிடித்த வழியோ இன்னும் எளிது. பெட்டிக்குள் இருக்கும் பூட்டுச் சிப்பின் நான்காவது காலை வெட்டிவிட்டால் போதும், பூட்டு பேசாமல் இருந்துவிடும்.

இந்தியாவின் கதை வேறு. ஜப்பானில் விற்ற ஃபேமிகாமில் 10நெஸ் பூட்டு கிடையாது. அதனால் தைவானிலும் சீனாவிலும் அதைக் காப்பியடித்து லட்சக்கணக்கில் பெட்டிகள் தயாராயின. 1990களில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்த 'டிவி கேம்' பெரும்பாலும் இந்த ரகம்தான். மரியோவும் கான்ட்ராவும் ஒரே கேசட்டில். கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் கேம் இருப்பதாக எழுதியிருக்கும், போட்டுப் பார்த்தால் அதே பத்துப் பதினைந்து கேம்தான் திரும்பத் திரும்ப வரும். அதாவது மேலை நாட்டுப் பிள்ளைகள் பூட்டுள்ள பெட்டியோடு வளர்ந்தபோது, நம்மூர்ப் பிள்ளைகள் பூட்டே இல்லாத பெட்டியோடு வளர்ந்தார்கள். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம். பூட்டு என்ற ஒன்று இருப்பதே பிளேஸ்டேஷன் வந்த பிறகுதான் இங்கே தெரிய வந்தது.

நான்கு எழுத்து இரகசியம்

1994 டிசம்பர் 3 அன்று சோனி ஜப்பானில் முதல் பிளேஸ்டேஷனை வெளியிட்டது. அடுத்த செப்டம்பரில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வந்தது. கேசட்டுக்குப் பதிலாக சிடி. சிடி அச்சடிக்கச் செலவு மிகக் குறைவு, இடமும் அதிகம். ஆனால் ஒரு ஆபத்து இருந்தது. சிடியை எழுதும் கருவிகள் அப்போதுதான் கணினிகளுக்கு வரத் தொடங்கியிருந்தன.

இதற்கு சோனி செய்த ஏற்பாடு புத்திசாலித்தனமானது. பிளேஸ்டேஷன் சிடியின் அடிப்பக்கம் கருப்பாக இருக்கும். அந்தக் கருப்புதான் பூட்டு என்று பலர் நம்பினார்கள். அது வெறும் சாயம்! உண்மையான பூட்டு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது.

சிடியில் தகவல்கள் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் செல்லும் ஒரு சுருள் தடத்தில் பதிவாகின்றன. அசல் பிளேஸ்டேஷன் சிடியின் தொடக்கப் பகுதியில் இந்தத் தடம் நேராகப் போகாமல் மிக நுண்ணிய அளவில் இப்படியும் அப்படியும் நெளியும். அந்த நெளிவுக்குள் நான்கு ஆங்கில எழுத்துகள் ஒளிந்திருந்தன. அமெரிக்க சிடி என்றால் எஸ்-சி-இ-ஏ. ஐரோப்பா என்றால் எஸ்-சி-இ-இ. ஜப்பான் என்றால் எஸ்-சி-இ-ஐ. எல்லாம் சோனி கம்ப்யூட்டர் என்டர்டெயின்மென்ட் என்ற பெயரின் சுருக்கமும் அதன் பிராந்தியக் கிளையின் அடையாளமும்தான்.

கணினியில் சிடியைக் காப்பி எடுத்தால் தடத்தில் உள்ள தகவல் முழுவதும் வந்துவிடும். நெளிவு மட்டும் வராது. ஏனென்றால் காலி சிடியின் தடம் தொழிற்சாலையிலேயே போடப்பட்டுவிடுகிறது, எழுதும் கருவியால் அதை மாற்ற முடியாது. பெட்டி சிடியைச் சுழற்றும், நெளிவைத் தேடும், நான்கு எழுத்து வந்தால் கேம் தொடங்கும். வராவிட்டால் கேம் கிடையாது.

இந்த ஒரே பூட்டு இரண்டு வேலை செய்ததைக் கவனிக்க வேண்டும். ஒன்று, காப்பி சிடியைத் தடுத்தது. இரண்டு, ஜப்பானில் காசு கொடுத்து வாங்கிய அசல் சிடியையும் அமெரிக்கப் பெட்டியில் ஓடவிடாமல் தடுத்தது. முதலாவது திருட்டைத் தடுப்பது. இரண்டாவது சந்தையைப் பிரித்து வைப்பது. பின்னால் வந்த அத்தனை வழக்குகளும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சுற்றின.

எட்டுக் கால் சிப்

முதலில் வந்தது 'ஸ்வாப்' வித்தை. அசல் சிடியைப் போட்டு, சோதனை முடிந்த கணத்தில் அதை எடுத்துவிட்டுக் காப்பி சிடியை வைப்பது. மூடி திறந்திருப்பது பெட்டிக்குத் தெரியக் கூடாது. அதற்கு மூடி பட்டனில் பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்கைச் செருகி வைத்தார்கள். கை தேர்ந்தவர்களுக்கு வந்தது, மற்றவர்களுக்கு சிடி கீறல் விழுந்ததுதான் மிச்சம்.

1996 வாக்கில் 'மாட் சிப்' வந்தது. மைக்ரோசிப் நிறுவனத்தின் பிக் வகை மைக்ரோகன்ட்ரோலர்தான் அது. இதில் பெயர் பெற்றது பிக் 12சி508. எட்டே கால்கள். உள்ளே 512 கட்டளைகளுக்கு மட்டும் இடம். பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் எல்.இ.டி.யை மின்ன வைக்கும் முதல் பயிற்சிக்குப் பயன்படும் சிப்களின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இதில் எழுதப்பட்ட நிரல் செய்தது ஒரே ஒரு வேலை. நெளிவைப் படிக்கும் கம்பியில் குறுக்கே புகுந்து, 'எஸ்-சி-இ-ஏ' என்று அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எந்த சிடியைப் போட்டாலும் பெட்டிக்கு அந்த நான்கு எழுத்து கேட்கும். பெட்டி நம்பிவிடும்!

மாட் சிப் பூட்டை உடைக்கவில்லை. கேமைக் காப்பி எடுக்கவும் இல்லை. வாசலில் காவலர் கேட்கும் அடையாளச் சொல்லை, கேட்பதற்கு முன்பே சொல்லிவிடும் ஆள் அது. அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் இந்தச் சிப்கள் கிழக்காசியச் சந்தைகளில் கொழுத்த விலைக்கு விற்றன. பிறகு 'ஓல்ட் க்ரோ' என்ற புனைபெயர் கொண்ட ஒருவர் அதன் செயல்பாட்டை ஆராய்ந்து நிரலை இணையத்தில் வெளியிட்டார். அதன் பிறகு பிக் சிப்பும் அதில் நிரல் ஏற்றும் சின்னக் கருவியும் வைத்திருந்த எவரும் மாட் சிப் செய்யலாம் என்ற நிலை வந்தது.

சோனி சும்மா இருக்கவில்லை. 1990களின் கடைசியில் வெளியான சில கேம்கள் ஒரு பொறி வைத்தன. நெளிவே இல்லாத இடத்தில் சிடியைப் படிக்கச் சொல்லி, அப்போதும் நான்கு எழுத்து வருகிறதா என்று பார்த்தன. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவன் மாட்டிக்கொள்வான் இல்லையா? கேம் நின்றுவிடும். உடனே அடுத்த தலைமுறைச் சிப் வந்தது. 'ஸ்டெல்த்' என்று பெயர். தொடக்கத்தில் மட்டும் எழுத்துகளைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். இப்படிப் பூனையும் எலியும் பல ஆண்டுகள் ஓடின.

குருவி வழியாக வந்த பெட்டி

சென்னைக்கு இது எப்படி வந்து சேர்ந்தது?

1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அங்கிருந்த தமிழர்கள் பெருமளவில் தாயகம் திரும்பினார்கள். அவர்கள் பிழைப்புக்காக 1969இல் சென்னை கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உருவானதுதான் பர்மா பஜார். வெளிநாட்டு வாட்ச், டேப் ரெக்கார்டர், வாசனை திரவியம் என்று ஆரம்பித்து, வீடியோ கேம் பெட்டியும் கேம் சிடியும் வரை அங்கே வந்தன. சரக்கைக் கொண்டுவந்தவர்களில் 'குருவிகள்' முக்கியமானவர்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போய்ப் பயணப் பையில் எலக்ட்ரானிக் பொருட்களைக் கொண்டுவந்து கொடுக்கும் ஆட்கள். 2008இல் விஜய் நடித்து வெளிவந்த படத்தின் பெயர் இதிலிருந்து வந்ததுதான்.

பையில் வர வேண்டிய அவசியம் ஏன்? இறக்குமதி வரி ஒரு பெரிய காரணம். 1997இல் இந்தியா சேர்ந்த தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தால் கணினிக்கும் அதன் பாகங்களுக்கும் சுங்கவரி படிப்படியாக நீங்கியது. அந்தப் பட்டியலில் வீடியோ கேம் பெட்டி கிடையாது. சட்டத்தின் கண்ணில் அது கணினி அல்ல, பொம்மையோடும் சீட்டுக்கட்டோடும் சேர்ந்தது! 2015இல் அந்த ஒப்பந்தம் விரிவாக்கப்பட்டபோது வீடியோ கேம் பெட்டிகள் உள்ளே வந்தன, ஆனால் அந்த விரிவாக்கத்தில் இந்தியா சேரவில்லை.

பையில் வந்த பெட்டிகளில் இன்னொரு சிக்கல். இந்தியத் தொலைக்காட்சி பால் முறை. ஜப்பான், அமெரிக்கப் பெட்டிகள் என்.டி.எஸ்.சி. முறை. துபாயிலிருந்து உறவினர் வாங்கி வந்த பெட்டியில் ஒரு வகை சிடி ஓடும், அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியில் வேறு வகை ஓடும். கையில் இருப்பது அசல் சிடியாகவே இருந்தாலும் நான்காவது எழுத்து மாறியிருந்தால் ஓடாது. திருட்டு நோக்கமே இல்லாதவருக்கும் சிப் தேவைப்பட்டது இதனால்தான்.

சிப் போடும் வேலை நடந்த இடங்களில் அண்ணாசாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் ஒன்று. ரேடியோ, டிவி உதிரி பாகங்களுக்குப் பெயர் பெற்ற அந்தத் தெரு, டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்த பெரிய எலக்ட்ரானிக் சந்தை என்று சொல்லப்படுவது. இறுதியாண்டு மாணவர்கள் ப்ராஜெக்டுக்காக மைக்ரோகன்ட்ரோலர் தேடிப் போகும் அதே தெரு. இதே காட்சி மும்பை லேமிங்டன் ரோட்டிலும் டெல்லி பாலிகா பஜாரிலும் இருந்தது.

முதல் பிளேஸ்டேஷனுக்கு நான்கைந்து கம்பிகளைப் பற்றவைத்தால் போதும். 2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2 அப்படி அல்ல. மெசையா, மேட்ரிக்ஸ் இன்ஃபினிட்டி போன்ற சிப்களுக்குச் சுமார் இருபது கம்பிகள். தலைமுடி போன்ற கம்பியை, கண்ணில் சரியாகப் படாத புள்ளிகளில் ஈயம் வைத்துப் பிடிக்க வேண்டும். ஈயம் பக்கத்துப் புள்ளிக்கு வழிந்தால் பெட்டி காலி. 2004இல் வந்த மெல்லிய மாடல்களில் லேசர் எரிந்துபோவது பெரிய தலைவலி. பெட்டியைத் திறந்த நிமிடமே வாரண்டியும் போய்விடும். இத்தனைக்கும் இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த கல்லூரி எதுவும் இல்லை. பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள்தான் செய்தார்கள்.

எக்ஸ்பாக்ஸைத் திறந்த மாணவர்

சிப் என்றாலே திருட்டு என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இந்தக் கதையையும் தெரிந்துகொள்வது நல்லது.

2001 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸை வெளியிட்டது. உள்ளே இருந்தது கிட்டத்தட்ட ஒரு சாதாரண கணினி. ஆனால் மைக்ரோசாஃப்ட் ஒப்புதல் இல்லாத எந்த நிரலும் அதில் ஓடாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ ஹுவாங் (பன்னி என்று அழைக்கப்படுகிறவர்) தானே ஒரு சர்க்யூட் செய்து, பெட்டிக்குள் இரண்டு சிப்களுக்கு நடுவே ஓடும் தகவலை ஒட்டுக்கேட்டு, பூட்டின் இரகசியச் சாவியைக் கண்டுபிடித்தார். அதை வைத்து அவர் கேம் சிடி விற்கவில்லை. எப்படிச் செய்தார் என்று 2003இல் புத்தகம் எழுதினார். வழக்குக்குப் பயந்து முதல் பதிப்பாளர் பின்வாங்கினார், பிறகு நோ ஸ்டார்ச் பதிப்பகம் வெளியிட்டது. 2013இல், இணைய உரிமைச் செயல்பாட்டாளர் ஆரன் ஸ்வார்ட்ஸ் இறந்த பிறகு, அவர் நினைவாக அந்தப் புத்தகம் இலவசமாக்கப்பட்டது.

சிப் போட்ட எக்ஸ்பாக்ஸ்களில் லினக்ஸ் ஓடியது. படமும் பாட்டும் ஓட்டுவதற்காக எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர் என்ற மென்பொருளைச் சில ஆர்வலர்கள் எழுதினார்கள். அதன் இன்றைய பெயர் கோடி. ஆம், ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளில் பலர் பயன்படுத்தும் அதே கோடிதான்! பூட்டைத் திறக்காமல் இருந்திருந்தால் அது பிறந்தே இருக்காது.

சிட்னியில் ஒரு வழக்கு

1998இல் அமெரிக்கா கொண்டுவந்த டி.எம்.சி.ஏ. சட்டம், பூட்டைத் திறப்பதையும் திறக்கும் கருவியை விற்பதையும் குற்றமாக்கியது. திறந்த பிறகு திருடினாயா என்பது கேள்வியே அல்ல. திறந்ததே குற்றம். 2007 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் 16 மாநிலங்களில் மாட் சிப் விற்றவர்களின் இடங்களைச் சோதனையிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் கதை வேறு விதமாகப் போனது. சிட்னியில் பிளேஸ்டேஷனுக்குச் சிப் போட்டு விற்ற ஸ்டீவன்ஸ் என்பவர் மேல் சோனி வழக்குப் போட்டது. காப்பி கேம்களும் விற்றவர்தான் அவர், நல்ல பிள்ளை என்று சொல்ல முடியாது. ஆனால் நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி வேறு. சோனியின் நான்கு எழுத்துப் பூட்டு, சட்டம் பாதுகாக்கும் 'தொழில்நுட்பப் பாதுகாப்பு'தானா?

2002இல் முதல் நீதிபதி 'இல்லை' என்றார். அந்த வழக்கில் ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையமே நீதிமன்றத்துக்கு வந்து, பிராந்தியப் பூட்டு வாங்குபவர்களுக்கு எதிரானது என்று வாதிட்டது. 2003இல் மேல்முறையீட்டில் சோனி வென்றது. 2005 அக்டோபர் 6 அன்று ஆஸ்திரேலிய உச்சநீதிமன்றம் ஸ்டீவன்ஸ் பக்கம் இறுதித் தீர்ப்பு வழங்கியது.

நீதிபதிகளின் தர்க்கம் எளிது. பதிப்புரிமை என்பது காப்பி எடுப்பதைத் தடுக்கும் உரிமை. சோனியின் பூட்டு காப்பி எடுப்பதைத் தடுக்கவில்லை. காப்பி எடுத்து முடித்த பிறகு அதை விளையாடுவதைத்தான் தடுக்கிறது. விளையாடுவது பதிப்புரிமை மீறல் அல்ல. எனவே இந்தச் சட்டம் இந்தப் பூட்டைக் காக்காது.

இந்த வெற்றி நிலைக்கவில்லை. அமெரிக்காவோடு செய்த வர்த்தக ஒப்பந்தத்துக்கு ஏற்ப 2006இல் ஆஸ்திரேலியா சட்டத்தை இறுக்கியது. ஆனாலும் ஒன்றை விட்டுவைத்தது. வெறுமனே சந்தையைப் பிரிப்பதற்காகப் போடப்படும் பிராந்தியப் பூட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று எழுதி வைத்தது. திருட்டைத் தடுக்கும் பூட்டு வேறு, சந்தையைப் பிரிக்கும் பூட்டு வேறு என்று ஒரு சட்டமே ஒப்புக்கொண்டது இங்கேதான்.

இந்தியச் சட்டம் சொல்வது என்ன?

ரிச்சி தெருவில் சிப் போட்ட காலத்தில் அது குற்றமா? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பூட்டைத் திறப்பது பற்றி 2012 வரை ஒரு வரி கூடக் கிடையாது. ஆனால் காப்பி சிடி விஷயம் அப்படியல்ல. திருட்டுக் காப்பி என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை என்று 63பி பிரிவு சொல்கிறது. 1994இல் நிறைவேறிய திருத்தம் இது. கேமும் கணினி நிரல்தான். 2004இல் தமிழ்நாடு அரசு குண்டர் சட்டத்தில் 'வீடியோ திருடர்'களையும் சேர்த்தது. அது குறிவைத்தது புதுப்பட சிடிகளை. கேம் சிடியை அப்போது பெரிதாகக் கண்டுகொண்டவர் இல்லை.

அதே சட்டத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. முறையாக வாங்கிய நிரல் தொலைந்தோ கெட்டோ போனால் உதவும் என்று ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ள 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அதாவது அசல் பிளேஸ்டேஷன் சிடி வாங்கியவர் கீறல் விழும் என்று பயந்து ஒரு காப்பி எடுத்தால் சட்டப்படி சரி. ஆனால் அந்தக் காப்பி சிப் இல்லாத பெட்டியில் ஓடாது! சட்டம் கொடுத்த உரிமையை ஒரு நிறுவனத்தின் பூட்டு பறித்துக்கொள்கிறது.

2012 திருத்தத்தில் 65ஏ என்ற புதிய பிரிவு வந்தது. பூட்டைத் திறந்தால் 2 ஆண்டு வரை சிறை, அபராதம். ஆனால் அமெரிக்கச் சட்டம் போலக் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. 'பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு' திறந்தால் மட்டுமே குற்றம். சட்டம் தடை செய்யாத காரியத்துக்காகத் திறக்கலாம். திறக்கும் கருவியை விற்பதைத் தனிக் குற்றமாகவும் ஆக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை. இன்னொருவருக்காகத் திறந்து கொடுப்பவர், அவருடைய பெயர், முகவரி, எதற்காகத் திறந்தார் என்ற காரணம் எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். ரிச்சி தெருவின் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ரிப்பேர் கடையில், 'வாடிக்கையாளர் பெயர், ஊர், சிப் போடும் நோக்கம்' என்று கட்டம் போட்ட ஒரு நோட்டு. சட்டம் எதிர்பார்ப்பது இதைத்தான். சிரிப்பு வந்தாலும் அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது. பூட்டைத் திறக்கும் ஒவ்வொருவரும் திருடர் அல்ல என்பதை இந்தச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது.

அதே 2012இல் பெட்டிகளின் பூட்டை நீக்கி விற்றதாகவும் திருட்டு கேம்கள் விற்றதாகவும் சிலர் மீது சோனி வழக்குத் தொடுத்தது. டெல்லி உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அங்கே பூட்டும் திருட்டும் ஒன்றாகச் சேர்ந்தே இருந்தன. அதனால் நேர்மையான காரணத்துக்காகத் திறந்தவரின் நிலை என்ன என்ற கேள்வி அந்தத் தடையோடு தீர்ந்துவிடவில்லை.

இழந்தவர்கள் யார்?

சிப்புக்கு ஆதரவாக இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது. சிப் போட்ட பெட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் ஓடியது திருட்டு சிடிதான். பேக்கப் காப்பி எடுத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

'சோனிக்கு என்ன நஷ்டம், கோடீஸ்வரக் கம்பெனிதானே?' என்பது வழக்கமான வாதம். உண்மைதான், முதல் பிளேஸ்டேஷன் உலகம் முழுவதும் 10 கோடிக்கு மேல் விற்றது, பிளேஸ்டேஷன் 2 விற்றது 15 கோடிக்கும் மேல். ஆனால் அடி விழுந்தது வேறு இடத்திலும்தான். 2009இல் ஹைதராபாத்தின் அரோனா நிறுவனம் 'ஹனுமான்: பாய் வாரியர்' என்ற பிளேஸ்டேஷன் 2 கேமை வெளியிட்டது. முழுக்க இந்தியாவில் உருவான கேம் என்ற பெருமையோடு வந்தது. அதே ஆண்டு கில்லியும் கபடியும் கொண்ட 'தேசி அட்டா'வும் வந்தது. காசு கொடுத்து கேம் வாங்கும் பழக்கமே இல்லாத சந்தையில் இவை எப்படிப் பிழைக்கும்? 2007 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 3 இந்தியாவுக்கு வந்தபோது விலை 39,990 ரூபாய். புதிய கேம் ஒன்று 2,499 ரூபாய் வரை. விலை அதிகம் என்பதால் மக்கள் காப்பி வாங்கினார்கள். மக்கள் காப்பி வாங்கியதால் இங்கே தொழில் வளரவில்லை. இந்த வட்டத்தை உடைக்க யாருக்கும் வழி தெரியவில்லை.

சிப் இல்லாமலே திறந்த பூட்டு

2008இல் 'ஃப்ரீ மெக்பூட்' வந்தது. பிளேஸ்டேஷன் 2இன் மெமரி கார்டில் ஒரு நிரலை ஏற்றிச் செருகினால் போதும். பற்றவைப்பு வேண்டாம், சிப் வேண்டாம். பல ஆண்டு பழகிய கைகளுக்கு வேலை போனது.

சோனியும் மாறியது. பிளேஸ்டேஷன் 3இல் லினக்ஸ் நிறுவிக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் ஆரம்பத்தில் விற்றது. 2010 ஏப்ரல் 1 அன்று ஒரு மென்பொருள் அப்டேட் மூலம் அந்த வசதியை நீக்கியது. அப்டேட் போடாவிட்டால் இணையத்தில் விளையாட முடியாது, போட்டால் லினக்ஸ் போய்விடும். வீட்டுக்குள் இருக்கும், முழு விலை கொடுத்து வாங்கிய பெட்டியிலிருந்து, விற்றவர் தூரத்தில் இருந்தபடியே ஒரு வசதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்! அடுத்த சில மாதங்களிலேயே பிளேஸ்டேஷன் 3இன் பூட்டுகள் ஒவ்வொன்றாக உடைபட்டன. இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று சொல்ல முடியாது.

சிப் முழுக்கச் செத்துவிடவும் இல்லை. நிண்டெண்டோ ஸ்விட்ச் பெட்டிக்கு 2020இல் சிப் விற்ற 'டீம் எக்ஸெக்யூட்டர்' குழுவைச் சேர்ந்த கேரி பௌசருக்கு 2022இல் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை விதித்தது. அதற்குப் பிறகு ஆர்வலர்கள் அதே வேலைக்கு எடுத்துக்கொண்டது, மாணவர் ப்ராஜெக்டுகளில் பயன்படும் மலிவான ராஸ்பெர்ரி பை சிப்பை. முப்பது ஆண்டுக்கு முன் பிக் சிப்பில் தொடங்கிய கதை மறுபடியும் மாணவர் மேசைக்கே வந்து நின்றது.

முடிவாக...

இன்று பூட்டு பெட்டிக்குள் மட்டும் இல்லை. எங்கோ இருக்கும் சர்வரில் இருக்கிறது. டிஜிட்டலாக வாங்கிய கேமை விற்க முடியாது, நண்பனுக்கு இரவல் தர முடியாது, கடையை மூடினால் கேமும் போகலாம். போனின் பாகத்தைப் பக்கத்துத் தெருக் கடையில் மாற்றினால் எச்சரிக்கை காட்டுகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஸ்ரீபெரும்புதூரில் போன்களை ஒன்றுசேர்க்கும் கைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அதே போன் கெட்டுப்போனால் அதைத் திறந்து சரிசெய்யும் உரிமை யாருக்கு என்பது இன்னும் பேசி முடிக்கப்படாத விஷயம்.

மாட் சிப்பின் வரலாறு சொல்வது ஒன்றே ஒன்று. ஒருவரின் உழைப்பைத் திருடாமல் காக்கும் பூட்டு மதிக்க வேண்டிய பூட்டு. வாங்கியவர் தன் பொருளை எங்கே, எப்படிப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தும் பூட்டு அப்படிப்பட்டதல்ல. சிக்கல் என்னவென்றால், நிறுவனங்கள் இரண்டையும் ஒரே பூட்டாகச் செய்துவிடுகின்றன. ஒன்றைத் திறந்தால் மற்றதும் திறந்துகொள்ளும். ஆஸ்திரேலியச் சட்டம் இரண்டையும் பிரித்துப் பார்க்க முயன்றது. நம் சட்டமும் 'நோக்கம்' என்ற ஒரு சொல்லை வைத்து அந்தக் கதவைத் திறந்தே விட்டிருக்கிறது. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நீதிமன்றங்கள் சொல்லும் நாளில், திருடாமல் திறந்தவருக்கும் ஒரு பதில் கிடைக்கும்.

அதுவரை, "சிப் போட்டதா, போடாததா?" என்ற கேள்வியோடு இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேட்கலாம். எதற்காகப் போட்டது?